சென்னை–டெல்லி தமிழ்நாடு எக்ஸ்பிரஸ்: டிசம்பர் கடைசியில் பெரியவர்களோடு 33 மணி நேரம், எப்படித் திட்டமிடுவது?

மாம்பலத்தான்

வணக்கம். டிசம்பர் 28 இரவு 10 மணிக்கு சென்ட்ரலில் கிளம்பும் தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் (12621) அப்பா (68), அம்மா (61), நான் மூவரும் டெல்லி போய், அங்கிருந்து ஹரித்வார் போகிறோம். வண்டி 30-ம் தேதி காலை ஆறரை வாக்கில் புது டெல்லி சேரும். அதே ஸ்டேஷனில் 6:45-க்கு டேராடூன் சதாப்தி. பிடித்துவிட்டால் மதியத்துக்குள் ஹரித்வார். விமானம் வேண்டாம், ஜன்னலோரம் உட்கார்ந்து ஊர் பார்த்துக்கொண்டு போகவேண்டும் என்பது அப்பாவின் கட்சி.

ஸ்லீப்பரா, தேர்ட் ஏசியா? அப்பா அம்மா இருவருக்கும் லோயர் பெர்த் (கீழ்ப்படுக்கை) கிடைக்க என்ன வழி? சாப்பாட்டுக்கு என்ன செய்வது? சதாப்தி சாத்தியமா?

லூப்லைன்

கடைசிக் கேள்விக்கு முதலில். சதாப்தியை மறந்துவிடுங்கள். கால் மணி நேர இடைவெளியில் வண்டி மாறுவது கோடையிலேயே விஷப்பரீட்சை. டிசம்பர் கடைசியில் அது நடக்காது என்று வைத்துக்கொண்டே திட்டம் போடுங்கள்.

இந்த வண்டி ஆக்ராவைத் தொடுவது விடியற்காலை மூன்று மணியை ஒட்டி. அங்கிருந்து புது டெல்லிக்கு 195 கி.மீ. யமுனைச் சமவெளியில் பனி மிக அடர்த்தியாக இறங்கும் நேரமும் அதுதான். சிக்னல் கம்பமே லோகோ பைலட் (எஞ்சின் ஓட்டுநர்) கண்ணுக்குத் தெரியாது. ஜி.பி.எஸ். வைத்த ஃபாக் சேஃப்டி டிவைஸ் என்ற சின்னப் பெட்டி, அடுத்த சிக்னல் எத்தனை மீட்டர் தள்ளி இருக்கிறது என்று சொல்லும். பச்சையா சிவப்பா என்று சொல்லாது, அதை அவர் கண்ணால்தான் பார்த்தாக வேண்டும். அதனால் கருவி இருந்தாலும் பனியில் வேகம் மணிக்கு 75 கி.மீ.யைத் தாண்டக்கூடாது. முன்னால் ஒரு வண்டி ஊர்ந்தால் பின்னால் வருவதெல்லாம் வரிசையில் நிற்கும்.

அட்டவணையில் கடைசி ஸ்டேஷனுக்கு முன்னால் கொஞ்சம் கூடுதல் நிமிடம் ஒதுக்கியிருப்பார்கள். நாக்பூரில் அரை மணி பிந்திய வண்டி டெல்லியில் சொன்ன நேரத்துக்கு நிற்பதன் ரகசியம் அதுதான். பனியில் அந்த நிமிடங்கள் எந்த மூலைக்கு? போபாலில் ‘சரியான நேரம்’ என்று ஆப் காட்டுவதை வைத்துக் கணக்குப் போடாதீர்கள்.

மதியம் 3:20-க்குப் புது டெல்லியிலிருந்தே டேராடூன் ஜன சதாப்தி (12055) இருக்கிறது. அதை எடுங்கள். எடுக்கும்போது முதல் டிக்கெட்டின் பி.என்.ஆர். எண்ணோடு ‘கனெக்டிங் ஜர்னி’யாக இணைத்துவிடுங்கள். முதல் வண்டி தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டால், இரண்டாவது டிக்கெட்டின் பணம் பிடித்தமில்லாமல் திரும்பும். இரண்டிலும் பயணிகளின் பெயர், வயது ஒன்றாக இருக்கவேண்டும். இணைக்காமல் தனித்தனியாக எடுத்தால் அந்தப் பணம் போனது போனதுதான். இடைப்பட்ட நேரத்துக்கு ஸ்டேஷனிலுள்ள ரிட்டயரிங் ரூமை (தங்கும் அறை) பி.என்.ஆர். கொடுத்து ஆன்லைனில் முன்கூட்டியே பிடிக்கலாம்.

மீதிஏழு

டிக்கெட் விஷயம். முன்பதிவு இப்போது 60 நாள்தான், பயண நாள் அதில் சேராது. டிசம்பர் 28-க்கு அக்டோபர் 29 காலை 8 மணி. உங்கள் ஐ.ஆர்.சி.டி.சி. கணக்கில் ஆதார் சரிபார்ப்பை இன்றே முடித்து வையுங்கள். அது இல்லாமல் முன்பதிவு திறக்கும் நேரத்தில் சும்மா வேடிக்கைதான் பார்க்கமுடியும்.

நிறையப் பேர் வழுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. சீனியர் சிட்டிசன் கோட்டா (ஆண் 60, பெண் 45 வயதுக்கு மேல்) ஒரு டிக்கெட்டில் ஒருவர் அல்லது இருவர் மட்டும் இருந்தால்தான் செல்லும். மூன்றாவதாக உங்கள் பெயரைச் சேர்த்தீர்களோ, அந்தக் கோட்டா கையைவிட்டுப் போகும். அப்பா அம்மாவுக்கு ஒரு பி.என்.ஆர்., உங்களுக்குத் தனியாக ஒன்று. தேர்ட் ஏசியில் பெட்டிக்கு நாலைந்து லோயர்தான் இதற்கு ஒதுக்கீடு, அதனால் எட்டு மணிக்கு முதலில் அவர்களுடையதைப் போடுங்கள். கட்டணச் சலுகையைத் தேடாதீர்கள், 2020 மார்ச்சில் நிறுத்தியது.

உங்களுக்கு வேறு பெட்டி விழலாம். அப்படி விழுந்தால், உங்கள் கையில் லோயரோ சைடு லோயரோ (நடைபாதைக்கு மறுபக்கக் கீழ்ப்படுக்கை) இருந்தால் மாற்றிக்கொள்ள ஆள் கிடைப்பார்கள். மிடிலை வைத்துக்கொண்டு யாரிடமும் பேரம் பேசமுடியாது.

எது எந்தப் படுக்கை என்று தெரிய, பெர்த் நம்பரை எட்டால் வகுங்கள். தேர்ட் ஏசி, ஸ்லீப்பர் இரண்டிலும் மீதி 1, 4 லோயர். 2, 5 மிடில். 3, 6 அப்பர். 7 சைடு லோயர். மீதி இல்லாவிட்டால் சைடு அப்பர். 72 பெர்த் பெட்டியில் 1–8, 65–72 இரண்டும் கழிவறைப் பக்கம், ராத்திரி முழுக்கக் கதவுச் சத்தம். 25 முதல் 48 வரை கிடைத்தால் யோகம்.

ஸ்லீப்பர் வேண்டாம். கிளம்பும்போது சென்னையில் வியர்க்கும், குவாலியர் தாண்டினால் ஷட்டர் இடுக்கு வழியே வரும் காற்று எலும்பைத் தொடும். கையில் தெம்பிருந்தால் செகண்ட் ஏசி. மிடில் பெர்த்தே கிடையாது என்பதால் பகலில் ஒருவர் படுத்திருக்க இன்னொருவர் கழுத்தை மடக்கி உட்காரும் அவஸ்தை இல்லை. தேர்ட் ஏசியில் மிடில் பெர்த்தை இரவு 10 முதல் காலை 6 வரைதான் போட்டுவைக்கலாம், அதற்கு மேல் யாராவது தூங்கினால் எழுப்பலாம், தப்பில்லை. செகண்ட் ஏசியில் ஆறால் வகுத்து மீதி 1, 3 லோயர்.

பேன்ட்ரிபக்கம்

சாப்பாடு. மொத்தம் இரண்டு ராத்திரி, ஒரு பகல். முதல் ராத்திரி வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டு ஏறுங்க. மறுநாள் காலைக்கு இட்லி: ஆறவிட்டு, ரெண்டு பக்கமும் மிளகாய்ப்பொடி நல்லெண்ணெய் தடவி, வாழையிலையில் கட்டுங்க. சூட்டோட மூடினா உள்ளே வேர்த்து, விடியும்போது நசநசன்னு ஆயிடும். சட்னி வேண்டாம், தேங்காய் முதல்ல கெடும். புளியோதரை மறுநாள் ராத்திரி வரைக்கும் தாங்கும், ஆனா அப்பளம், வடகம் வேணும்னா தனி டப்பா.

மத்தியானத்துக்கு நாக்பூரில் இ-கேட்டரிங் (ஆன்லைன்ல ஆர்டர் பண்ற சாப்பாடு). ரெண்டு மணி வாக்கில் வண்டி வரும், பெட்டிக்கே கொண்டுவந்து தருவாங்க. நிக்கிறது சில நிமிஷம்தான், அதனால கோச் நம்பரைச் சரியாப் போடுங்க, போனை சைலண்ட்ல வைக்காதீங்க. வண்டி ரொம்பப் பிந்தினா ஆர்டர் ரத்தாகலாம், அதனால கையில் கொடுக்கும்போது பணம் தர்ற முறையே நல்லது. பேன்ட்ரியில் (வண்டியோட சமையல் பெட்டி) சைவச் சாப்பாடு 80 ரூபா. பில் கேளுங்க, கேட்டாத்தான் 80.

கெட்டில் எடுத்துட்டுப் போகவே கூடாது. பிளக் எல்லாம் போன், லேப்டாப் சார்ஜுக்கான 110 வோல்ட். கெட்டிலைச் செருகினா தண்ணியும் சுடாது, ட்ரிப் ஆகி பக்கத்து வரிசை ஆளுங்க சார்ஜும் போகும். சட்டப்படியும் தப்பு. வெந்நீருக்குப் பிளாஸ்க்கை பேன்ட்ரி ஆள்கிட்ட கொடுங்க.

கழிவறையில் தண்ணி நின்னுபோனா, பக்கத்துப் பெட்டியைத் தேடி ஓடுறதுக்கு முன்னாடி ரயில்மதத் ஆப்பில் இல்லன்னா 139-ல் பி.என்.ஆரோட புகார் போடுங்க. தண்ணி ஏத்துற வசதி பெரிய ஸ்டேஷன்லதான், ஒண்ணை விட்டா அடுத்தது ரெண்டு மூணு மணி நேரம் கழிச்சு. அதனால ஸ்டேஷன் வர்றதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே சொல்லிடணும்.

ஸ்வெட்டர், மாத்திரை, சாக்ஸ் மூணும் கைப்பையில். பெர்த்துக்கு அடியில் சங்கிலி போட்ட சூட்கேஸை நடுராத்திரி இழுக்கிறது நடக்கிற காரியமில்ல.

மாம்பலத்தான்

நன்றி, அப்பா அம்மாவுக்குத் தனி டிக்கெட்டே போடுகிறேன். ஜன சதாப்தியும் சரி. அப்பாவின் ஜன்னல் கேள்வி மட்டும் பாக்கி: எப்போது எதைப் பார்க்கலாம்?

லூப்லைன்

கிருஷ்ணா தூக்கத்தில் போய்விடும், விஜயவாடா விடிவதற்கு முன்பே வரும். வாரங்கல் தாண்டியதும் ஆளை ஜன்னலில் உட்கார வையுங்கள். ராமகுண்டத்துக்கும் மஞ்சிரியாலுக்கும் நடுவில் கோதாவரி. டிசம்பரில் தண்ணீரைவிட மணல் திட்டுதான் அதிகம் தெரியும், பாலத்தின் நீளத்தை வைத்து ஆற்றின் அகலத்தை ஊகித்துக்கொள்ள வேண்டியதுதான். அப்புறம் தேக்கங்காடு, பல்லார்ஷாவுக்குச் சற்று முன்னால் வர்தா ஆறு.

நாக்பூருக்கு மேல்தான் உண்மையான விருந்து. பேதூல் கழிந்து மராம்ஜிரி, தாராகோ பக்கம் சத்புடா மலை இறக்கம். சுரங்கம், வளைவு, வளைவில் தலையைத் திருப்பினால் நம் வண்டியின் எஞ்சினே தெரியும். எதிர்த்திசையில் ஏறிவரும் சரக்கு வண்டிகளுக்குப் பின்னால் தள்ளும் எஞ்சின் மாட்டியிருக்கும், அதையும் காட்டுங்கள். வண்டி நேரத்துக்கு ஓடினால் நல்ல வெளிச்சத்திலேயே இது கிடைக்கும். ஒரு மணி நேரம் பிந்தினால் மாலை இருட்டு பாதியை விழுங்கிவிடும்.

நர்மதை இடார்சிக்கும் போபாலுக்கும் நடுவே. போகும்போது குளிர்காலத்தில் கட்டாயம் இருட்டு. திரும்பும் 12622-ல் அதே இடம் காலை வெளிச்சத்தில் வரும், போபாலை விட்டு பர்கேடா, புத்னி இறக்கம் முடிந்ததும் பாலம். ஆனால் அந்த வண்டியும் டெல்லியிலிருந்துதான் கிளம்புகிறது. பனியில் பிந்தினால் பார்க்கும் நேரமும் சேர்ந்தே தள்ளும்.

ஏசி ஜன்னல் கண்ணாடி வெளிப்பக்கம் அழுக்காக இருந்தால் உள்ளே துடைத்துப் பயனில்லை.

மீதிஏழு

ஜன்னல் பேச்சு வந்ததால் ஒன்று: இரண்டு பக்கமும் பார்க்க ஆசைப்படுபவருக்கு சைடு லோயர்தான் ராஜா இருக்கை. ராத்திரிதான் கஷ்டம். இரண்டு இருக்கை முதுகையும் மடித்துப் படுக்கையாக்கும்போது நடுவில் ஒரு பிளவு விழும், இடுப்பு சரியாக அதன்மேல் வரும். புதிய பெட்டிகளில் ஜன்னலை ஒட்டி நிமிர்த்திச் சாத்தி வைத்த மெத்தைப் பலகை ஒன்று இருக்கிறது. கொக்கியை விடுவித்து இருக்கைகளின் மேல் இறக்கினால் பிளவு மறைந்துவிடும். பலருக்கு அது இருப்பதே தெரியாமல் கம்பளியை மடித்துத் திணித்துப் படுப்பார்கள். பழைய பெட்டி வந்தால் கம்பளிதான் கதி.