தற்காப்பில் நின்று பிழைத்த சண்டைகள்: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

முதலில் நான் சொல்கிறேன். பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு நண்பர் வீட்டில் ஞாயிறுதோறும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாடுகிறோம், ஐந்தாம் பதிப்பு. ஆளுக்கொரு பாத்திரம் ஏற்றுப் பகடை உருட்டி ஆடும் கதை விளையாட்டு. கதையை நடத்தும் டி.எம். ஓர் அக்கா, கதையைத் தமிழிலேயே நடத்துவார். என் பாத்திரம் இரண்டாம் லெவல் ஃபைட்டர், மனிதன். செயின் மெயில் கவசமும் கேடயமும் சேர்ந்து ஆர்மர் கிளாஸ் 18, அதாவது என் மேல் அடி பட எதிரி எட்ட வேண்டிய எண்.

அன்று குகைக்குள் எங்கள் கிளெரிக் (பூசாரிப் பாத்திரம்) சுருண்டு விழுந்துவிட்டார். ரோக் (திருடன் பாத்திரம்) அவரை இழுத்துக்கொண்டு வாசலுக்குப் போக வேண்டும், இழுத்துக்கொண்டு போனால் வேகம் பாதிதான். பின்னால் ஆறு காப்லின்கள், குட்டிப் பூதங்கள். நான் தீவட்டியைத் தரையில் போட்டுவிட்டு, வாளும் கேடயமுமாக ஒடுக்கமான வழியை அடைத்து நின்றேன். முதல் சுற்றில் பழக்கத்தில் வெட்டினேன். ஒன்று செத்தது, எனக்கு இரண்டு அடி. என் உயிர்க்கணக்கான 20 ஹிட் பாயிண்டில் 9 போய்விட்டது. அப்போது அக்கா கேட்டார்: "தம்பி, இவங்களைக் கொல்லணுமா, இல்ல அவங்க ரெண்டு பேரும் வெளிய போகணுமா?"

டாட்ஜ் எடுத்தேன், அதாவது அந்தச் சுற்றில் வெட்டாமல் தற்காத்துக்கொள்வது மட்டும். காப்லினுக்குத் தாக்குதலில் +4, பகடையில் விழும் எண்ணோடு அதைக் கூட்டி 18-ஐ எட்ட வேண்டும். ஆக, என் மேல் பட 14 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும், நூற்றுக்கு 35 வாய்ப்பு. டாட்ஜ் எடுத்தால் அவர்கள் இருபது முகப் பகடையை இருமுறை உருட்டிச் சின்ன எண்ணைத்தான் எடுக்க முடியும். 35 அப்படியே 12 ஆகிவிடுகிறது. கிரிட்டிக்கல், அதாவது 20 விழுந்து பலத்த அடி கிடைப்பது, 20-இல் 1 என்றிருந்தது 400-இல் 1. மூன்று சுற்று நின்றேன், ஓர் அம்பு மட்டும் பட்டது. வாளை ஓங்கவே இல்லை. என் விளையாட்டில் நான் மிகவும் மதிக்கும் மூன்று சுற்று அவைதான்.

அப்புறம் ஒரு காப்லின் தீவட்டியை ஓடைத் தண்ணீருக்குள் உதைத்துத் தள்ளியது. டாட்ஜ் விதியில் ஒரு வரி இருக்கிறது, தயவுசெய்து எல்லோரும் படியுங்கள்: தாக்குபவர் உங்கள் கண்ணுக்குத் தெரிந்தால்தான் அது வேலை செய்யும். மனிதனுக்கு இருட்டில் தெரியாது, காப்லினுக்கு 60 அடி வரை தெரியும். அதோடு, தங்களைப் பார்க்க முடியாதவனை அடிப்பதால் அவர்கள் இருமுறை உருட்டிப் பெரிய எண்ணை எடுத்துக்கொள்வார்கள். 12 ஒரே நொடியில் 58 ஆனது. விழுந்துவிட்டேன். ஆனால் அதற்குள் ரோக் வாசலைத் தாண்டிவிட்டார். விழுந்தவர் சாகாமலிருக்க உருட்டும் டெத் சேவ் மூன்று தேறி நானும் பிழைத்தேன்.

இப்போதெல்லாம் குகைக்குள் நுழையும் முன்பே எங்கள் விசார்டு என் கேடயத்தின் மேல் லைட் மந்திரம் போட்டுவிடுவார். ஒரு மணி நேரம் நிற்கும், யாரும் உதைத்து அணைக்க முடியாது.

பினாங்கிலிருந்து ஒரு பதில்:

அண்ணே, நாங்கள் ஜெலுத்தோங்கில் கர்ப்ஸ் என்ற இன்னொரு பாத்திர விளையாட்டு விளையாடுகிறோம். அதில் அடி வாங்கப் போகிறவரே பகடை உருட்டித் தப்ப வேண்டும்: விலகலாம், ஆயுதத்தால் தட்டிவிடலாம், கேடயம் இருந்தால் தடுக்கலாம். என் ஈட்டிக்காரிக்கு டாட்ஜ், இங்கே விலகுவதற்கான எண், 9. மூன்று ஆறுமுகப் பகடையில் 9-க்குள் விழுவது நூற்றுக்கு 37 தடவைதான். ஓர் எட்டு பின்வாங்கினால் +3 கிடைத்து 12 ஆகிறது, 74 தடவை தப்பலாம்.

சின்ன வயதில் சிலம்பம் கற்றவள் நான். கம்பைக் கையில் தருவதற்கு முன்பு ஆசான் வாரக்கணக்கில் காலடி மட்டுமே போட வைத்தார். அப்படியிருந்தும் ஒரு கொள்ளைக்காரத் தலைவனை முடித்துவிடும் அவசரத்தில் ஆல் அவுட் அட்டாக் என்று சொல்லிவிட்டேன். அதைச் சொன்னால் அடுத்த முறை வரும்வரை எந்தத் தற்காப்பும் கிடையாது. ஈட்டி அவன் மேல் பட்டது, அவன் சாகவில்லை. அவனுடைய கோடாரிக்கு என்னிடம் உருட்ட ஒன்றுமே இல்லை. ஏழு மாதம் விளையாடிய பாத்திரம் செத்தது, அன்று வீட்டுக்குப் போகும்வரை நான் யாரோடும் பேசவில்லை.

புதுப் பாத்திரத்தோடு இன்னொரு சண்டையில் சுவரோரமாக நின்று மாட்டிக்கொண்டேன், பின்வாங்க இடமில்லை. அதிலிருந்து சண்டை தொடங்கியதும் எதிரியை எண்ணுவதற்கு முன்பு, வரைபடத்தில் என் முதுகுக்குப் பின்னால் எத்தனை கட்டம் காலி என்று பார்த்துவிடுகிறேன்.