கோயில் கொடைக்குக் குழாய் ஸ்பீக்கர் கட்டுறதை நிறுத்தச் சொன்னா தப்பா? (மும்பை தாராவி)

தாராவி_நர்ஸ்:
நம்ம சுடலைமாடன் கோயில் கொடைத் திருவிழாவுக்குப் பந்தக்கால் நாட்டி இன்னியோட ஆறு நாள். அன்னிக்கே எங்க வரிசை வீட்டுச் சால் முன்னால விளக்குக் கம்பத்துல குழாய் கட்டியாச்சு. காலைல 6 மணிக்கு ஆரம்பிச்சா ராத்திரி 10 வரைக்கும் பாட்டு. எனக்கு இந்த மாசம் முழுக்க நைட் டியூட்டி. எட்டரைக்கு வந்து படுத்தா தகரச் சுவர் அதிருது. அலமாரில ரெண்டு எவர்சில்வர் டம்ளர் ஒண்ணோட ஒண்ணு உரசிக்கிட்டே இருக்கு. அதை எடுத்துத் தரைல வெச்சுட்டுத்தான் படுக்கேன். நேத்து ஒன்றரை மணி நேரம் தூங்கியிருப்பேன். அந்தக் கண்ணோட போய்த்தான் ராத்திரி ஊசி மருந்து அளக்குறேன். குழாயைக் கழட்டச் சொல்லி கமிட்டில கேக்கப் போறேன். கூட யாரு வாறீங்க?

வீசுகோல்:
தங்கச்சி, நான் வரமாட்டேன். எங்க தாத்தா திருநெல்வேலில இருந்து இங்க தோல் பட்டறை வேலைக்கு வந்தவரு. வில்லுப்பாட்டுல வில்லு மேல கோல் விழுந்து மணி குலுங்குனா, குடத்துல அடி கேட்டா, ஆச்சி அடுப்பை அணைச்சுட்டு ஓடுவா. அந்தச் சத்தம் இல்லாட்டி நமக்கு இந்த ஊர்ல என்ன இருக்கு? வருஷம் பூரா ஹார்ன், லோக்கல் ட்ரெயின், கட்டட வேலை. அதுக்கெல்லாம் யாரும் கூட்டம் போடல. நம்ம மேளம் கேட்டா மட்டும் காது வலிக்குது.

செம்பூர்_6வது_மாடி:
கெஞ்ச வேண்டிய விஷயமே இல்ல இது. 2000-ஆம் வருஷத்து ஒலி மாசு விதிப்படி குடியிருப்புப் பகுதில பகல்ல 55 டெசிபல், ராத்திரி 45. ராத்திரி 10-லருந்து காலை 6 வரைக்கும் ஒலிபெருக்கி கூடாது. அதே வருஷம் சென்னை மெஜஸ்டிக் காலனி வழக்குல, அடுத்தவங்க அமைதியைக் கெடுத்துப் பிரார்த்தனை செய்யணும்னு எந்த மதமும் சொல்லலைன்னு சுப்ரீம் கோர்ட்டே சொல்லிருச்சு. போலீஸ்ல எழுதிக் கொடுங்க.

வீசுகோல்:
சார், ஆறாவது மாடில ஜன்னலைச் சாத்திட்டு ஏசி போட்டுக்கலாம். நீங்க அமைதியை விலை கொடுத்து வாங்கிட்டீங்க. சாமக்கொடைப் பூசை நடுராத்திரி 12 மணிக்குத்தான். சாமி வர்ற நேரத்தை ஸ்டேஷன்ல கேட்டா முடிவு பண்ண முடியும்? அதே விதில, விழாவுக்கு வருஷத்துல 15 நாள் வரைக்கும் ராத்திரி 12 மணி வரை அரசு அனுமதி கொடுக்கலாம்னும் இருக்கு. அதையும் சேத்துச் சொல்லுங்க.

தாராவி_நர்ஸ்:
போலீஸ் வேண்டாம் சார். நாளைக்கும் நான் இதே சந்துலதான் நடக்கணும். அந்தச் சட்டமும் என்னைப் பாக்கல. ஆஸ்பத்திரியைச் சுத்தி 100 மீட்டரை அரசு அமைதி மண்டலமா அறிவிச்சா, ராத்திரி 40 டெசிபல். நோயாளி தூங்க வழி இருக்கு. அவங்களுக்காக முழிச்சிருந்தவ தூங்குறது பகல்ல.

அண்ணாச்சி, உங்களுக்கு ஒண்ணு சொல்றேன். எங்க ஜன்னல்ல போன்ல அளந்தா 85 காட்டுது. போன் கணக்கு முன்னப்பின்ன இருக்கட்டும். 55-க்கும் 85-க்கும் 30-தான் வித்தியாசம்னு நெனைக்காதீங்க, பத்து பத்தா ஏறும்போது சத்தத்தோட ஆற்றல் பத்து மடங்கு. முப்பதுன்னா ஆயிரம் மடங்கு. நான் வில்லுப்பாட்டை நிறுத்தச் சொன்னேனா? சாமக்கொடை அன்னிக்கு லீவு போட்டு நானே வருவேன், பொங்கலும் வைப்பேன். இந்த ஆறு நாளா ஓடுறது பென்டிரைவ் பாட்டு. மதியம் ரெண்டு மணிக்குக் கோயில்ல ஒரு ஆள் கிடையாது. யாரு கேக்க ஓடுது அது?

ஊர்ல சுடலை எங்க நிக்காரு? ஊருக்கு வெளியே, சுடுகாட்டுப் பக்கம். மேளம் அடிச்சா வயக்காடு தாண்டி வந்துதான் வீட்டுக்குள்ள கேக்கும். இங்க அவரைக் கொண்டாந்து பத்தடிச் சந்துல வெச்சிருக்கோம். சாமிக்கு இடம் சுருங்கிருச்சு, சத்தம் மட்டும் சுருங்கல.

வீசுகோல்:
பென்டிரைவுக்கு நான் வக்காலத்து வாங்கல. குழாய் வந்ததுக்கு அப்புறம் வில்லுக்காரங்களுக்குக் கொடுக்குற பணத்தைக் குறைச்சிட்டாங்க, அந்தக் கோபம் எனக்கே இருக்கு. ஆனா நீங்க குழாயைக் கழட்டச் சொல்லிப் போனா, அடுத்த வருஷம் சார் மாதிரி ஒருத்தரு மேளத்தையும் கழட்டச் சொல்லி வருவாரு. அதான் பயம்.

செம்பூர்_6வது_மாடி:
விதி மேளத்துக்கும் சேத்துத்தான். நான் அதை மறைக்கல.

தாராவி_நர்ஸ்:
கழட்ட வேண்டாம் அண்ணாச்சி. குழாயோட வாய் நேரா எங்க ஜன்னலைப் பாக்குது. கமிட்டில சொல்லி அதை மட்டும் அந்தப் பக்கமாத் திருப்பி வைக்கச் சொல்லுங்க. நாளைக்கு எட்டரைக்கு வந்துருவேன்.

எதிர்_சால்:
அக்கா, அந்தப் பக்கம் நாங்க இருக்கோம். பிள்ளை பொறந்து இருபது நாள்தான் ஆவுது.