நியூ வேகாஸ்: 16 ஜிபி ரேம் இருந்தும் ஸ்ட்ரிப்புக்குள்ள போனாலே கேம் மூடிக்குது, உதவி தேவை

பாயான்பாரு_பையன்:
வணக்கம் மக்களே. ஃபால்அவுட் நியூ வேகாஸ் (2010) ஸ்டீம்ல (ஆன்லைன் கேம் கடை) மலிவு விலைக்கு வாங்கி மோட் (ரசிகர்கள் செஞ்ச கூடுதல் மாற்றங்கள்) போட்டு விளையாடுறேன். குட்ஸ்பிரிங்ஸ், பிரிம் பக்கம் எல்லாம் சுமுகம். ஃப்ரீசைடுல 2000 கேப்ஸ் (கேமுக்குள்ள உள்ள காசு) சேர்த்துக் காட்டி ஸ்ட்ரிப் (கேசினோ தெரு) கேட்டைத் திறந்தா, லோடிங் ஓடி நேரா டெஸ்க்டாப். எரர் மெசேஜ்கூட வரல. விண்டோஸ் 11, 16 ஜிபி ரேம். கொம்தார் பக்கம் ஒரு கடையில கேட்டேன், ரேமை 32 ஆக்கச் சொல்றாங்க. ஆக்கலாமா?

மோட் ஆர்கனைசர் 2-ல (மோட்களை நிர்வகிக்கிற புரோகிராம்) போட்டது: ஒரு 4கே டெக்ஸ்சர் பேக் (பொருள்களோட மேற்பரப்புப் படங்களைத் தெளிவாக்குறது), ஆயுத மோட் கொஞ்சம், பழைய யூடியூப் வீடியோவுல சொன்ன ஸ்டட்டர் ரிமூவர் (கேம் திக்குறதைக் குறைக்கிற மோட்).

செந்தூல்_சிங்கம்:
தம்பி, ரேம் வாங்காதீங்க! அந்தக் காசுக்கு நாசி கண்டார் சாப்பிடலாம். இது 32 பிட் கேம். மெஷின்ல எவ்வளவு ரேம் இருந்தாலும் 2 ஜிபிக்கு மேல தொடாது. 4கே டெக்ஸ்சரே அதுல பாதியைத் தின்னுடும். ஸ்ட்ரிப்புல கூட்டம், விளக்கு, கட்டடம் எல்லாம் ஒரே இடத்துல, அங்கதான் மூச்சு முட்டும். அந்தத் தெருவையே கேட் போட்டுத் துண்டு துண்டா பிரிச்சு வச்சிருக்கிறதும் இந்தத் தொல்லைக்காகத்தான்.

4ஜிபி பேட்சர்னு சின்ன புரோகிராம் இருக்கு. கேமோட இஎக்ஸ்இ ஃபைல்ல ஒரு அமைப்பை மாத்தும், 64 பிட் விண்டோஸ்ல 4 ஜிபி வரைக்கும் எடுத்துக்கும். கேம் ஃபோல்டர்ல போட்டு ஒரு தடவை ஓட்டினா போதும். எக்ஸ்என்விஎஸ்இயும் (பல மோட்களுக்குத் தேவைப்படுற துணை புரோகிராம்) போட்டுடுங்க, பேட்ச் பண்ணின பிறகு அது தானா லோட் ஆகும்.

ஸ்டட்டர் ரிமூவரை இன்னைக்கே தூக்குங்க. அது பழைய விண்டோஸ் காலத்துச் சரக்கு, இப்ப அதுவே கிராஷ் பண்ணும். பதிலுக்கு அதே வேலைக்கான டிக் ஃபிக்ஸ் மோட் போடுங்க.

கிள்ளான்_அக்கா:
சிங்கம் சொன்னது சரி. இன்னொன்னு, கேம் புரோகிராம் ஃபைல்ஸ்குள்ள இருக்கா? அங்க விண்டோஸ் பேட்சரை எழுத விடாம அடம்பிடிக்கும். ஸ்டீம்ல வேற டிரைவுக்கு மாத்துங்க. திறக்கிறது ஸ்டீம் பிளே பட்டன்லயா, மோட் ஆர்கனைசர்லயா? மோட் ஆர்கனைசர் மோட் ஃபைல்களைக் கேம் ஃபோல்டர்ல வைக்காது, அது வழியா திறந்தாதான் கேமுக்கு அதெல்லாம் கண்ணுல படும்.

பாயான்பாரு_பையன்:
மோட் ஆர்கனைசர்லதான் அக்கா. டி டிரைவுக்கு மாத்தி, பேட்ச் பண்ணி, டெக்ஸ்சரை 2கே ஆக்கினேன். ஸ்ட்ரிப்புல நடக்குறேன்! கேசினோ மூணும் சுத்தியாச்சு. ஆயுத மோட் ஒன்னு பிடிக்கல, இப்பவே எடுத்துடலாமா?

கிள்ளான்_அக்கா:
இந்த சேவ்ல (சேமிச்சு வச்ச ஆட்டத்துல) வேண்டாம் தம்பி. பாதியில எடுத்தா பையில உள்ள துப்பாக்கி காணாமப் போறது மட்டுமில்ல, அதைத் தேடுற ஸ்கிரிப்ட் (மோட்ல உள்ள சின்ன நிரல்) எங்கயாவது சொதப்பும். பேசாம பெட்டியில போட்டு வைங்க, அடுத்த ஆட்டத்துல எடுக்கலாம்.

செந்தூல்_சிங்கம்:
அடுத்த ஆட்டம்னா ஜேசாயர் மோட் பாருங்க. இந்த கேமோட இயக்குநர் ஜோஷ் சாயரே, கேம் வெளிவந்த பிறகு போட்ட மோட். தூக்குற எடை குறையும், ஆட்டம் கடுப்பாகும், எனக்கு அதுதான் பிடிச்சது. ஃபால்அவுட் 3-உம் கையில இருந்தா டேல் ஆஃப் டூ வேஸ்ட்லேண்ட்ஸ் இரண்டையும் ஒரே கேமா சேர்த்துடும். ஆனா அதுக்கு இந்த சேவ் உதவாது, தனி இன்ஸ்டால், புது கேரக்டர்.