கயல் காலேஜ் ஃபார்ம்: ராத்திரி 12 மணி வரைக்கும்தான்

குழு: பாட்டி வீடு ❤️

இரவு 7:42 – கயல்
எல்லாரும் கொஞ்சம் பாருங்களேன். பி.எஸ்சி. மேத்ஸ் சீட் கன்ஃபர்ம் ஆயிடுச்சுல்ல, இப்ப ஆன்லைன்ல இன்னொரு ஃபார்ம் விட்டிருக்காங்க. பார்ட் ஒன் லாங்குவேஜ், அலைடு (மேத்ஸோட சேர்த்துப் படிக்கற துணைப் பாடம்), அப்புறம் என்.எம்.இ.ன்னு ஒண்ணு, அதாவது நான்-மேஜர் எலெக்டிவ், வேற டிபார்ட்மென்ட் பாடம். மூணையும் இன்னைக்கு ராத்திரி 12க்குள்ள செலக்ட் பண்ணணும். அப்புறம் மாத்த முடியாதாம் 😭

இரவு 7:44 – அம்மா
கீழ் வீட்டுல பிரெஞ்சு எடுக்கச் சொல்றாங்க. அவங்க பையன் 90க்கு மேல வாங்கினானாம்

இரவு 7:45 – மாமா
பிரெஞ்சே போடு. கண்ண மூடிட்டு போடு. தமிழ்ல அடிஷனல் ஷீட் வாங்கி வாங்கி எழுதினாலும் 60க்கு மேல தர மாட்டான்

இரவு 7:45 – பெரியம்மா
பன்னெண்டு வருஷம் தமிழ் மீடியத்துல படிச்ச புள்ள. திடீர்னு பிரெஞ்சுன்னா எப்படி?

இரவு 7:46 – மாமா
அக்கா, அங்க அ ஆ இ ஈ-லேர்ந்துதான் ஆரம்பிப்பாங்க. எல்லாரும் புதுசுதான்

இரவு 7:48 – அருண்
கயலக்கா சொல்லு: போன்ஜூர் 😂

இரவு 7:48 – மாமா
டேய் ட்வெல்த் படிக்கிறவன் போனை வை

இரவு 7:51 – பாட்டி
🎤 குரல் செய்தி (0:52)

இரவு 7:53 – கயல்
பாட்டி என்ன சொல்றாங்கன்னா, எந்த பாஷை எடுத்தாலும் காலையில சாப்பிடாம போகக் கூடாதாம்

இரவு 7:55 – அம்மா
தாரிணி இருக்கியாமா? நீ அதே யுனிவர்சிட்டிலதானே முடிச்ச. பாத்து சொல்லு

இரவு 8:20 – தாரிணி அக்கா
இப்பதான் சித்தி ரூமுக்கு வந்தேன். கயல், ஃபார்மை ஸ்க்ரீன்ஷாட் அனுப்பு

இரவு 8:21 – கயல்
📷 படம்
📷 படம்

இரவு 8:27 – தாரிணி அக்கா
சரி. மெட்ராஸ் யுனிவர்சிட்டி அஃபிலியேட்டட் காலேஜ்தான், தானே சிலபஸ் போட்டுக்கற ஆட்டோனமஸ் இல்ல. அப்ப எனக்கு இருந்த ரூல்தான். பொறுமையா படி.

பார்ட் ஒன் நாலு செமஸ்டர் ஓடும். அதாவது செகண்ட் இயர் முடியற வரைக்கும். இன்னைக்கு நீ டிக் பண்றது ரெண்டு வருஷத்துக்கு.

இப்ப முக்கியமான விஷயம். நீ ட்வெல்த் வரைக்கும் தமிழ் படிச்சவ. நீ பார்ட் ஒன்ல பிரெஞ்சு எடுத்தா, பார்ட் ஃபோர்ல சிறப்புத் தமிழ் ரெண்டு பேப்பர் கட்டாயம் எழுதணும். பள்ளிக்கூடத்துல தமிழே படிக்காம வந்தவங்களுக்கு அடிப்படைத் தமிழ். பார்ட் ஒன்ல தமிழ் எடுக்கறவங்களுக்கு மட்டும்தான் அந்த இடத்துல என்.எம்.இ.

இரவு 8:28 – அம்மா
அப்ப பிரெஞ்சு எடுத்தாலும் தமிழ் எழுதணுமா???

இரவு 8:28 – தாரிணி அக்கா
ஆமா சித்தி. அதை அட்மிஷன் கவுன்ட்டர்ல யாரும் சொல்ல மாட்டாங்க

இரவு 8:29 – பெரியம்மா
நான் அப்பவே சொன்னேன்

இரவு 8:29 – மாமா
நீ எங்க சொன்ன

இரவு 8:31 – மாமா
சரி தாரிணி, அந்த ரெண்டு பேப்பர் போகட்டும். பிரெஞ்சுல 90 வந்தா பர்சன்டேஜ் ஏறுமே?

இரவு 8:36 – தாரிணி அக்கா
அங்கதான் மாமா விஷயம். மார்க் பார்ட் பார்ட்டா தனித்தனியா வரும். லாங்குவேஜ் பார்ட் ஒன், இங்கிலீஷ் பார்ட் டூ, மேத்ஸும் அலைடும் பார்ட் த்ரீ. எம்.எஸ்சி.க்கு அப்ளை பண்ணப்ப என்கிட்ட கேட்டது பார்ட் த்ரீ பர்சன்டேஜ்தான். பிரெஞ்சுல 95 வாங்கின என் ஃப்ரெண்டுக்கு அதை எழுத ஃபார்ம்ல கட்டமே இல்ல.

ஆனா பார்ட் ஒன்ல அரியர் வெச்சா டிகிரி கைக்கு வராது. அதனால பாஸ் ஆகறது நிச்சயமா இருக்கற பாஷையை எடுக்கறதுதான் புத்திசாலித்தனம். இன்டர்னல் 25, செமஸ்டர் எக்ஸாம் 75. அந்த 75ல தனியா 30 எடுக்கணும், சேர்த்து 40. இன்டர்னல் ஃபுல்லா வந்தாலும் எக்ஸாம்ல 29 எடுத்தா அரியர்தான்

இரவு 8:38 – கயல்
அக்கா எனக்கு நிஜமாவே பிரெஞ்சு கத்துக்க ஆசைன்னா?

இரவு 8:40 – தாரிணி அக்கா
ஆசைன்னா தாராளமா எடுடி. அது வேற பேச்சு. மார்க்குக்காகன்னா வேண்டாம்னுதான் சொல்றேன். ஆசையா?

இரவு 8:44 – கயல்
இல்ல 🙈 கீழ் வீட்டு ஆன்ட்டி சொன்னதுதான்

இரவு 8:46 – மாமா
குரூப் 4 எழுதறதா இருந்தா காலேஜ்ல தமிழ் எடுத்திருக்கணுமா?

இரவு 8:49 – தாரிணி அக்கா
அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல மாமா. குரூப் 4ல தமிழ் 100 கேள்வி, எல்லாம் பத்தாம் வகுப்புத் தரம். அதுல 40 சதவீதம் எடுக்கலைன்னா மிச்சத்தைத் திருத்தவே மாட்டாங்க. ஸ்கூல் புக்கை ஒழுங்கா படிச்சாலே போதும்

இரவு 8:50 – அம்மா
அப்ப தமிழ். முடிஞ்சது. அடுத்தது என்ன

இரவு 8:52 – கயல்
அலைடு. ஃபிசிக்ஸா ஸ்டாட்டிஸ்டிக்ஸா

இரவு 8:53 – தாரிணி அக்கா
ஸ்டாட்ஸ். ஃபிசிக்ஸ்னா பிராக்டிகல், ரெக்கார்டு நோட்டு எல்லாம் உண்டு. பி.எட். பண்ணி டீச்சர் ஆனாலும் சரி, கம்பெனிக்குப் போனாலும் சரி, ஸ்டாட்ஸ் கைகொடுக்கும்

இரவு 8:53 – கயல்
ஓகே டன். என்.எம்.இ.ல மூணு இருக்கு. காளான் வளர்ப்பு, உணவும் ஊட்டச்சத்தும், அடிப்படைக் கணக்குப்பதிவியல்

இரவு 8:54 – பெரியம்மா
காளான் எடு. வீட்டுக்கும் ஆகும்

இரவு 8:54 – அருண்
ஆமா அக்கா காளான் 🍄🍄 சண்டே பிரியாணி

இரவு 8:55 – மாமா
உன்னை போனை வைக்கச் சொன்னேன்

இரவு 8:57 – அம்மா
கணக்குப்பதிவியல் எடுடி. டெபிட் கிரெடிட் தெரிஞ்சா நாளைக்கு எங்க வேணா வேலை கிடைக்கும்

இரவு 8:58 – தாரிணி அக்கா
என் ஓட்டும் அதுக்குத்தான். சீக்கிரம் போடு கயல், என்.எம்.இ.ல டிபார்ட்மென்ட்டுக்கு இத்தனை பேர்னு கணக்கு உண்டு. ரொம்பிட்டா அவங்களே எதுலயாவது தள்ளி விட்டுடுவாங்க

இரவு 9:06 – கயல்
அக்கா ஏ.பி.சி. ஐடி கேக்குது

இரவு 9:09 – தாரிணி அக்கா
டிஜிலாக்கர் ஆப்ல ஆதார் வெச்சு லாகின் பண்ணு. அகாடமிக் பேங்க் ஆஃப் கிரெடிட்ஸ்னு தேடு. 12 இலக்க நம்பர் வரும், அதான். நீ வாங்கற கிரெடிட் எல்லாம் அதுலதான் ஏறும்.

ஆனா முதல்ல பேரைப் பாரு. மார்க் ஷீட்ல எப்படி, ஆதார்ல எப்படி?

இரவு 9:14 – கயல்
மார்க் ஷீட்ல கயல்விழி மு. ஆதார்ல மு கயல்விழி. இங்கிலீஷ்ல வேற, மார்க் ஷீட்ல ழ-வுக்கு இசட் எச், ஆதார்ல வெறும் எல். கயல்விலி 😑

இரவு 9:15 – மாமா
விலியா 😄

இரவு 9:17 – தாரிணி அக்கா
சிரிக்காதீங்க மாமா, இதுல நிறைய பேர் மாட்டியிருக்காங்க. இனிஷியல் முன்ன பின்ன இருக்கறது பரவால்ல. ஸ்பெல்லிங் தப்பு இருக்கக் கூடாது. மார்க் ஷீட்டை மாத்தறது பெரிய வேலை, ஆதாரை மாத்து. இ-சேவை மையத்துல இல்லைன்னா ஆதார் சென்டர்ல டென்த் மார்க் ஷீட்டைக் காட்டிக் கேளு. இன்னைக்கு இருக்கற பேர்லயே ஐடி எடுத்து ஃபார்மை முடி. திருத்தினதும் ஆபீஸ்ல போய்ச் சொல்லிடு

இரவு 9:19 – அம்மா
பேங்க் அக்கவுன்ட்டும் அந்தத் தப்பு ஸ்பெல்லிங்லதான் இருக்கு

இரவு 9:22 – தாரிணி அக்கா
அதையும் சேர்த்துப் பாருங்க சித்தி. கயல் ஆறாவதுலேர்ந்து கவர்மென்ட் ஸ்கூல்தானே, புதுமைப் பெண் திட்டத்துல மாசம் 1000 ரூபாய் வரும். ஆதார் இணைச்ச அக்கவுன்ட்டுக்குத்தான் வரும். காலேஜ் வழியாத்தான் அப்ளை பண்ணணும், ஸ்கூல்ல குடுத்த எமிஸ் நம்பரையும் எடுத்து வைங்க

இரவு 9:24 – பெரியம்மா
குரோம்பேட்டைலேர்ந்து எக்மோர் வரைக்கும் டிரெயின் பாஸ் எவ்வளவு ஆகும்?

இரவு 9:27 – தாரிணி அக்கா
காசே இல்லம்மா. டிகிரி முடிக்கற வரைக்கும் பொண்ணுங்களுக்கு செகண்ட் கிளாஸ் சீசன் ஃப்ரீ. காலேஜ்ல சர்டிபிகேட் வாங்கிட்டு ஸ்டேஷன்ல குடுக்கணும். நான் மூணு வருஷமும் அப்படித்தானே போனேன், மறந்துட்டியா? எக்மோர்லேர்ந்து பஸ்ஸும் ஃப்ரீதான், சாதாரண பஸ்ஸா பாத்து ஏறணும்

இரவு 9:28 – பெரியம்மா
நீ பணம் வாங்கின ஞாபகம் இருக்கே எனக்கு

இரவு 9:28 – தாரிணி அக்கா
சிக்னல் கட் ஆகுதும்மா 🏃‍♀️

இரவு 9:41 – கயல்
ஓ.டி.பி. அப்பா நம்பருக்குப் போகுது. அப்பா வண்டி ஓட்டிட்டு இருக்காங்க, எடுக்கல

இரவு 9:42 – அம்மா
பத்து மணிக்கு டிரிப் முடியும். காத்திரு. அவரை இப்ப கூப்பிடாத

இரவு 10:13 – கயல்
அப்பா ஓ.டி.பி. சொல்லிட்டாங்க. சப்மிட் ஆயிடுச்சு 🎉 தமிழ், ஸ்டாட்ஸ், கணக்குப்பதிவியல். கடைசி சீட்டா என்னன்னு தெரியல, என் ஃப்ரெண்டு இப்ப ஓபன் பண்ணா கணக்குப்பதிவியல் காட்டவே இல்லையாம்

இரவு 10:15 – தாரிணி அக்கா
சூப்பர். அந்தப் பக்கத்தை பி.டி.எஃப்.பா சேவ் பண்ணி இங்கயும் போடு. ஒரிஜினல் டி.சி., கம்யூனிட்டி சர்டிபிகேட் எல்லாம் குடுக்கறதுக்கு முன்னாடி பத்து செட் ஜெராக்ஸ். டி.சி. ஒருதடவை உள்ள போச்சுன்னா மூணு வருஷம் கழிச்சுதான் வெளிய வரும்

இரவு 10:16 – கயல்
📄 ஆவணம்

இரவு 10:18 – மாமா
ஜெராக்ஸ் நான் ஆபீஸ்ல எடுத்துத் தரேன், காலையில அருண்கிட்ட குடுத்து விடு