பழைய காரைச் சரிபண்ணி ஓட்டுவதா, மாற்றுவதா? டெல்டாக்காரர்கள் அனுபவம்

மன்னார்குடி பக்கத்திலிருந்து:

எங்களுடையது 2010 மாடல் சின்ன பெட்ரோல் கார். போன ஐப்பசியில் கிளட்ச் வழுக்க ஆரம்பித்தது. வேகத்தடை ஏறினால் முன்பக்கம் கடகடவென்று சத்தம். ஏசியைப் போட்டால் வெறும் காற்று. மெக்கானிக் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார்: கிளட்ச் செட், லோயர் ஆர்ம் (முன்சக்கரத்தைப் பிடித்திருக்கிற கை), ஷாக் அப்சார்பர், ஏசி கம்ப்ரசர், கூலி, மொத்தம் 48,000. விற்கலாம் என்று கேட்டுப் பார்த்தால் ஒரு லட்சத்துப் பத்தாயிரத்துக்கு மேல் யாரும் வாய் திறக்கவில்லை. மச்சான் உடனே, "வண்டி வெலையில பாதிய வண்டிக்கே போடுவியளா? தள்ளிவிட்டுட்டுப் புதுசா எடுங்க" என்றார்.

இந்தப் பாதி விலைக் கணக்கு எனக்கு ஒப்பவே இல்லை. விற்கிற விலை வாங்குகிறவனுக்குத்தான் கணக்கு. எனக்கு வேண்டியது, இன்னும் மூன்று நான்கு வருடம் வண்டி ஓட என்ன செலவாகும் என்பதுதான். 5 லட்சம் கடன், 9 சதவீத வட்டி, 7 வருடம் என்றால் மாதத் தவணை 8,000 சொச்சம். ரிப்பேர் செலவு ஆறு தவணைக்குச் சமம், அவ்வளவுதான். தவணை மாதா மாதம் வந்து நிற்கும், நம் வருமானம் அப்படியா வருகிறது? குறுவைக்கு ஒரு தடவை, சம்பாவுக்கு ஒரு தடவை. கொள்முதல் நிலையத்தில் நெல்லைப் போட்டு, பணம் கணக்கில் ஏறி, கூட்டுறவுக் கடன், அறுப்பு மிஷின் வாடகை எல்லாம் கழித்தது போக மீதி. ஜூன் 12-ல் மேட்டூர் திறக்காத வருடம் குறுவையே சந்தேகம். அதற்காக எந்த பேங்க் தவணையைத் தள்ளிப்போடும்?

ரிப்பேரைப் பிரித்துச் செய்யலாம். கிளட்ச், லோயர் ஆர்ம் இரண்டையும் உடனே மாற்றினோம், அது உயிர் சம்பந்தப்பட்டது. அடைமழையில் ஏசி யாருக்கு வேண்டும்? சம்பா பணம் வந்து மாசியில் போட்டோம்.

15 வருடம் முடிந்ததால் ஆர்சி (வண்டியின் பதிவுச் சான்று) புதுப்பிப்பும் அதோடு வந்தது. ஆர்சி முடிவதற்கு 60 நாளுக்குள் படிவம் 25-ல் விண்ணப்பிக்க வேண்டும், ஆர்டிஓவில் வண்டியைக் காட்ட வேண்டும், கிடைப்பது 5 வருடம். முன்பு 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. பசுமை வரி தனி. தேதி தாண்டினால் மாதத்துக்கு 500 கூடும். 20 வருடம் தாண்டிய கார் வைத்திருப்பவர்கள் கவனியுங்கள், 2025 ஆகஸ்டிலிருந்து உங்களுக்கு இந்தக் கட்டணம் 10,000. பத்து வருட டீசல் வண்டி ஓடக்கூடாது என்று டீக்கடையில் பயமுறுத்துவார்கள். அது டெல்லி வட்டாரத்து உத்தரவு, நமக்கில்லை.

ஒன்று மட்டும் சொல்கிறேன். மெக்கானிக்குக்கு அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் வண்டியைக் குழி மேல் நிறுத்தி அடியில் பார்த்தோம். சைடு மெம்பர் (வண்டியைத் தாங்குகிற அடிச்சட்டம்), ஃப்ளோர், சஸ்பென்ஷன் மாட்டுகிற இடம் எல்லாம் கெட்டியாக இருந்தன. இல்லாவிட்டால் 48,000 என்ன, 10,000 கூடப் போட்டிருக்க மாட்டேன்.

வேதாரண்யத்திலிருந்து:

அண்ணன் சொன்ன அந்தக் கடைசி விஷயம்தான் எங்களுக்கு முதல் விஷயம். எங்கள் வண்டியில் எஞ்சின் ஒரு சொட்டு ஆயில் குடிக்காது. வெளியே பெயின்ட் பளபளப்பு. மழை பெய்தால் கால்மிதிக்குக் கீழே ஈரம், அதைத் தேடித்தான் பட்டறைக்குப் போனேன். டிங்கரிங் செய்கிற பாய் மிதியடியைத் தூக்கிவிட்டு, ஃப்ளோர் மூலையில் ஸ்க்ரூடிரைவரை வைத்து லேசாக அழுத்தினார். அப்பளம் மாதிரி நொறுங்கி உள்ளே இறங்கியது. எடுத்தபோது ஓட்டை வழியாகக் கீழே தரை தெரிந்தது. ஜாக்கி வைக்கிற இடத்தைத் தட்டினார், துரு பொலபொலவென்று கொட்டியது.

"தகடு வச்சு வெல்டிங் அடிச்சுத் தரேன், ரெண்டு மழை தாங்கும். ஆனா பிள்ளைங்கள ஏத்திட்டு வேகமாப் போகாதீங்க" என்றார். தன் கூலியை விட்டுவிட்டு இப்படிச் சொல்கிற ஆள் கிடைப்பது பெரிய விஷயம். சீட் பெல்ட் மாட்டுகிற இடமே துருப்பிடித்த பிறகு பெல்ட் போட்டு என்ன பயன்? வண்டியைக் கொடுத்துவிட்டேன்.

இங்கே உப்பளக் காற்று. அது போதாதென்று போர் தண்ணீரும் உப்பு. அதைப் பிடித்துத்தான் ஞாயிற்றுக்கிழமை தோறும் வண்டியைக் கழுவுகிறோம்! கழுவினால் அடிப்பக்கத்துக்கு நல்ல தண்ணீர் அடியுங்கள்.

பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போடுபவர்கள் ஆர்சியை ரத்து செய்யாமல் போடாதீர்கள், வண்டி உங்கள் பெயரிலேயே நிற்கும். அரசுப் பதிவு பெற்ற ஸ்கிராப் மையத்தில் ஒப்படைத்தால் ஒரு சான்றிதழ் தருவார்கள். அதைக் காட்டினால் புது வண்டி பதியும்போது சாலை வரியில் 25 சதவீதம் வரை சலுகை தர மத்திய விதியில் இடமிருக்கிறது.

கும்பகோணத்திலிருந்து:

எங்கள் பிரச்சினை எலி. வீட்டுக்குப் பின்னால் வயல். அறுப்பு முடிந்ததும் அதில் இருந்ததெல்லாம் பானட்டுக்குள் குடிவந்துவிடும். ஒவ்வொரு அறுப்புக்கும் ஏதாவது ஒரு ஒயர் போகும். எலக்ட்ரீஷியன் ஒட்டுப்போட்டு ஒட்டுப்போட்டு, கடைசியில் எது எங்கே போகிறது என்று அவருக்கே தெரியவில்லை. முழு ஹார்னஸ், அதாவது ஒயர்க் கட்டு மொத்தத்தையும், மாற்ற வேண்டும் என்றார். மாற்றவில்லை, விற்றுவிட்டோம். எஞ்சின் கோளாறு என்றால் ஒரு தடவை பிரித்து முடித்துவிடலாம், ஒயரிங் கோளாறு நடுவழியில் நிறுத்தும். இரவில் அம்மாவைத் தஞ்சாவூர் மெடிக்கலுக்குக் கூட்டிப் போகிற வண்டி அப்படி நின்றால் எப்படி? புது வண்டியில் புகையிலைக் காம்பு கட்டித் தொங்கவிட்டிருக்கிறோம். வேலை செய்கிறதோ இல்லையோ, காருக்குள் வெற்றிலைப் பெட்டி வாசனை.

சீர்காழியிலிருந்து:

எங்களுக்கு யோசிக்கவே வாய்ப்பில்லை. 2022 நவம்பர் 11, ஒரே நாளில் 44 சென்டிமீட்டர் மழை கொட்டியது ஞாபகம் இருக்கும். வாசலில் நின்ற காருக்குள் சீட் வரை தண்ணீர். பக்கத்து வீட்டுத் தம்பி, "ஸ்டார்ட் பண்ணிப் பாப்போம்ணே" என்று சாவியை நீட்டினான். விடவில்லை. தண்ணீர் சிலிண்டருக்குள் போயிருந்து ஸ்டார்ட் செய்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும், அப்புறம் எஞ்சினையே இறக்க வேண்டும். பேட்டரியைக் கழற்றிவிட்டுக் கட்டி இழுத்துத்தான் போனோம்.

பழைய வண்டிக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான். ஐடிவி, அதாவது இன்சூரன்ஸில் வண்டிக்குப் போட்டிருக்கிற மதிப்பு, அதில் 75 சதவீதத்தை ரிப்பேர் செலவு தாண்டினால் மொத்த நஷ்டம் என்று முடித்துவிடுவார்கள். எங்கள் ஐடிவி 90,000, அதில் 75 சதவீதம் 67,500. சீட், ஒயரிங், ஈசிஎம் (எஞ்சினைக் கட்டுப்படுத்துகிற கம்ப்யூட்டர்) என்று எழுதத் தொடங்கியதுமே அது தாண்டிவிட்டது. பழைய வண்டிக்கு எதற்கு முழு இன்சூரன்ஸ் என்று தேர்ட் பார்ட்டி மட்டும் கட்டுகிறவர்களுக்கு இதுவும் கிடைக்காது, வெள்ளம் அதில் சேராது. ரிப்பேருக்கு 48,000 போட்ட மன்னார்குடி அண்ணன், ஐப்பசிக்கு முன்னால் பாலிசியை ஒருமுறை எடுத்துப் பார்த்துவிடுங்கள்.