சொந்த ஓஎஸ்ஸுக்கு யுஎஸ்பி-சீரியல் டிரைவர்: நடுநடுவே குப்பை எழுத்து வருகிறது, உதவுங்கள்

சொந்தக்கர்னல்:
வணக்கம். பொழுதுபோக்காக எழுதிவரும் ஓஎஸ்ஸில் (இயங்குதளத்தில்) யுஎஸ்பி-சீரியல் டிரைவர் வேலை நடக்கிறது; அதாவது, யுஎஸ்பியைச் சீரியல் போர்ட்டாக மாற்றித்தரும் சிப்பை இயக்கும் நிரல். சின்னச் சின்ன வரிகள் சுத்தமாக வருகின்றன. நீளமாக எதையாவது அனுப்பினால் நடுவில் குப்பை. கியூஎமு என்ற போலிக் கணினி மென்பொருளில் சரியாக ஓடுகிறது, நிஜ மெஷினில்தான் இப்படி. யாராவது பார்த்திருக்கிறீர்களா? கொஞ்சம் அவசரம்.

மின்வடம்:
எந்த சிப்? எஃப்டிடிஐயா, சிஎச்340ஆ, பிஎல்2303ஆ? அதைச் சொல்லாமல் எப்படிச் சொல்வது? குப்பை என்றால் என்ன எழுத்து, எத்தனை எழுத்துக்கு ஒருமுறை வருகிறது?

பாட்ரேட்_பிரியன்:
பாட் ரேட்தான் (சீரியல் இணைப்பின் வேகம்), வேறொன்றுமில்லை. எஃப்டிடிஐ என்றால் சிப்புக்குத் தரவேண்டிய வகுஎண்ணுக்கு 30 லட்சத்தை பாட் ரேட்டால் வகுக்க வேண்டும். 115200க்கு 26.04 வரும், 26 போடுங்கள். 9600க்கு 312.5, அங்கே அரை பின்னத்துக்குத் தனி பிட் உண்டு. அதை விட்டிருப்பீர்கள்.

பழைய_டெர்மினல்:
யுஎஸ்பி 2.0 ஆவணத்தின் 9ஆம் அத்தியாயத்தை முழுசாகப் படித்துவிட்டு வாருங்கள் தம்பி. டிஸ்கிரிப்டர் (சாதனம் தன்னைப் பற்றிச் சொல்லும் தகவல்) தெரியாமல் டிரைவர் எழுத உட்கார்ந்தால் இப்படித்தான். இந்தக் கேள்விக்கு இங்கே பலமுறை பதில் சொல்லியாகிவிட்டது.

மின்வடம்:
ஐயா, 9ஆம் அத்தியாயத்தில் எஃப்டிடிஐயின் சொந்த நெறிமுறை எங்கே இருக்கிறது? பாட் ரேட் தப்பென்றால் சின்ன வரியும் சேர்ந்து கெட்டிருக்கும். முதலில் அவர் விவரம் தரட்டும்.

சொந்தக்கர்னல்:
சிப் எஃப்டிடிஐயின் எஃப்டி232ஆர், யுஎஸ்பி அடையாள எண் 0403:6001. கணினிப் பக்கத்து யுஎஸ்பி கன்ட்ரோலர் எக்ஸ்எச்சிஐ வகை, பாட் ரேட் 115200. பல்க் இன்னில் (சிப்பிலிருந்து தரவு வரும் வழி) ஒரே தடவையில் 512 பைட் கேட்கிறேன். முதல் 2 பைட் ஸ்டேட்டஸ் என்று தெரியும், வெட்டிவிடுகிறேன். குப்பையாக வருவது எப்போதும் பேக்டிக் (`) குறிதான்; அதற்கு முன்னால் கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று.

தறியோட்டி:
சிடிசி-ஏசிஎம் என்ற பொதுவான யுஎஸ்பி-சீரியல் நெறிமுறை பேசும் சிப்புக்கு மாறிவிடுங்கள். ஆர்டுயினோ ஊனோவில் உள்ள 16யு2 அப்படித்தான். அதற்குப் பொதுத் தரம் இருக்கிறது, ஒரே டிரைவர் போதும்.

மின்வடம்:
கையில் இருக்கும் சிப்பை ஏன் தூக்கிப் போட வேண்டும்? விடை அவர் எழுதியதிலேயே இருக்கிறது. பேக்டிக் ஹெக்ஸில் (16 அடிமான எண்ணில்) 60. அதற்கு முன்னால் இருப்பது 01. இந்த 01 60 ஜோடிதான் எஃப்டிடிஐ சும்மா இருக்கும்போது அனுப்பும் ஸ்டேட்டஸ்: முதலாவது மோடம் நிலை, இரண்டாவது லைன் நிலை, அனுப்பும் பஃபர் காலி என்று பொருள்.

அந்த 2 பைட் டிரான்ஸ்ஃபருக்கு ஒன்று அல்ல, பாக்கெட்டுக்கு ஒன்று. ஃபுல் ஸ்பீடில் பாக்கெட் 64 பைட், அதில் தரவு 62தான். நீங்கள் 512 கேட்டால் 8 பாக்கெட்டும் வரிசையாக ஒரே பஃபரில் வந்து உட்காரும். முதல் தலையை வெட்டினீர்கள், மீதி 7 உள்ளேயே கிடக்கிறது. சின்ன வரி ஒரே பாக்கெட்டில் அடங்கிவிடுவதால் தெரியவில்லை. கியூஎமுவில் நீளமான தரவை அனுப்பிப் பார்த்தீர்களா? பஃபரை 64 64ஆக நறுக்கி, ஒவ்வொன்றிலும் முதல் 2ஐ ஒதுக்குங்கள்.

அப்புறம், தரவே இல்லாவிட்டாலும் சிப் காத்திருக்கும் நேரமான லேட்டன்சி டைமர் முடிந்ததும் (இயல்பில் 16 மில்லிசெகண்ட்) வெறும் 2 பைட் வரும். அதைப் பிழையாக எடுக்காமல் மறுபடி கோரிக்கை போடுங்கள்.

பாட்ரேட்_பிரியன்:
லினக்ஸின் எஃப்டிடிஐ டிரைவரைத் திறந்தால் இதே லூப் இருக்கும். எடுத்துப் போட்டுக்கொள்ளுங்கள்.

பழைய_டெர்மினல்:
அது ஜிபிஎல், அந்த நிரலைச் சேர்த்து வெளியிட்டால் நம்முடையதையும் அதே உரிமத்தில் தரச் சொல்லும் உரிமம். ஓஎஸ்ஸின் உரிமம் என்னவென்று கேட்காமல் எடுத்துப் போடச் சொல்வது பொறுப்பில்லாத பேச்சு.

பாட்ரேட்_பிரியன்:
படிப்பதற்குக்கூடத் தடையா? படித்துப் புரிந்துகொண்டு சொந்தமாக எழுதினால் அது அவருடைய நிரல்.

பழைய_டெர்மினல்:
"எடுத்துப் போடுங்கள்" என்றது நீங்கள். இப்போது "படிக்கலாம்" என்கிறீர்கள்.

தறியோட்டி:
சண்டை எதற்கு? ஃப்ரீபிஎஸ்டி ஓஎஸ்ஸின் டிரைவர் பிஎஸ்டி உரிமம். ஹைக்கூ ஓஎஸ்ஸின் யுஎஸ்பி-சீரியல் டிரைவர் எம்ஐடி. இரண்டுமே தளர்வான உரிமங்கள். எஃப்டிடிஐ, ப்ரோலிஃபிக், ஏசிஎம் எல்லாம் ஒரே இடத்தில் இருக்கிறது. பொழுதுபோக்கு ஓஎஸ் எழுதுபவருக்கு அதுதான் படிக்கவும் சுலபம்.

சொந்தக்கர்னல்:
64ஆக நறுக்கினேன், பேக்டிக் போய்விட்டது. மின்வடம் அண்ணா, ரொம்ப நன்றி. என் ஓஎஸ் எம்ஐடிதான், ஹைக்கூ நிரலைப் பார்க்கிறேன்.

மின்வடம்:
நல்லது. லைன் நிலை பைட்டைத் தூக்கி எறியாதீர்கள். ஓவர்ரன் (படிக்கத் தாமதித்துத் தரவு தொலைவது), பாரிட்டி, ஃப்ரேமிங் பிழை மூன்றும் அதில்தான் வரும். அதிக வேகத்துக்குப் போகும்போது முதலில் பார்க்க வேண்டியது ஓவர்ரன் பிட்டைத்தான்.