புதுப்பிப்பு: தங்கையின் கலை நிர்வாகப் படிப்பும் எங்கள் வில்லுப்பாட்டுக் குழுவும்

பி.காம் முடித்த தங்கைக்கு நாடக நிர்வாகத்தில் முதுகலை படிக்க ஆசை, அது எங்கள் வில்லுப்பாட்டுக் குழுவுக்கு உதவுமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் இந்தப் படிப்பு இருக்கிறது என்று பதிலில் சொன்னது சரிதான். நாடக நிர்வாகத்துக்கு 3 வருடம், எம்.பி.ஏ.வும் சேர்த்தால் 4 வருடம். 2021இல் 15 கோடி டாலர் நன்கொடை வந்த பிறகு நாடகப் பள்ளியில் கல்விக் கட்டணம் கிடையாது. படிக்கும்போதே அந்தப் பள்ளியோடு சேர்ந்த யேல் ரெப்பர்ட்டரி தியேட்டர் என்ற தொழில்முறை நாடக அரங்கில் வேலையும் பார்க்கிறார்கள். எனக்குப் பிடித்தது இதுதான்.

அப்புறம் தங்கை, எங்கள் குழுவின் கணக்கு இருக்கிற சித்தப்பாவின் டைரியை வாங்கிப் பார்த்தாள். ஒரே செவ்வாய்க்கிழமைக்கு இரண்டு ஊர்க் கொடை (கோயில் திருவிழா). ஒரு பக்கத்தில் ‘அச்சாரம் 501’ என்று மட்டும் இருக்கிறது, ஊர்ப் பெயர் இல்லை. புது நோட்டில் ஊர், தேதி, அச்சாரம், பாக்கி, வேன் வாடகை என்று கோடு போட்டாள். எழுத எழுதத்தான் தெரிந்தது, குடம் அடிக்கிற மாமாவுக்கு இரண்டு கொடையின் பங்கு போகவே இல்லை. அவர் ஒரு நாளும் வாய் திறந்து கேட்டதில்லை. மனசு கஷ்டமாகிவிட்டது. சித்தப்பா அன்று சாயங்காலமே கொண்டுபோய்க் கொடுத்தார்.

இரண்டு வருடம் இந்தக் கணக்கைப் பார்த்துவிட்டு விண்ணப்பிக்கலாம் என்று முடிவு செய்திருக்கிறாள். ஆடிக் கொடைக்கு நோட்டு அவள் கையில்.